நகத்தைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம்?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது. தோட்ட வேலை, கட்டுத்தரையில் இரண்டு கறவை மாடு, வீட்டுப் பாத்திரம் துணி எல்லாம் அவர் கையில்தான். கை நகங்களில் நீளவாக்கில் கோடு கோடாக இருக்கிறது. அங்கங்கே வெள்ளைப் புள்ளி. இரண்டு மூன்று நகம் நடுவில் குழிந்திருக்கிறது. வலது கட்டைவிரல் நகத்தில் பழுப்பாக ஒரு கோடு. கால் பெருவிரல் நகம் தடித்து மஞ்சளாகிவிட்டது. இதற்கிடையில் 'இந்த நகம் என்றால் கிட்னி, அந்த நகம் என்றால் ஈரல்' என்று வாட்ஸாப்பில் ஒரு படம் வர, வீடே பயந்துபோயிருக்கிறது. முழு உடல் பரிசோதனை எடுத்துவிடலாமா என்கிறார்.

பரிசோதனையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான்: இந்த ஐந்தில் எது வயசு, எது வேலை, எது வியாதி, எதற்கு உடனே கிளம்ப வேண்டும், எதை விட்டுவிடலாம். தோல் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு நகமும் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆனால் எழுதியதைப் படித்து அம்மாவுக்கு இன்னதுதான் என்று தீர்த்துச் சொல்ல என்னால் முடியாது. நகத்தைத் தொட்டு, அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் நகம் எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் வெட்டி எறியும் நகத்துக்கு உயிர் இல்லை. அது உருவாகும் வேர், விரலின் மேல்தோலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறை அந்த வேரின் முன்பகுதி. தறியில் ஊடை அறுந்த இடம் துணியோடு நகர்ந்து வந்து பிறகுதான் கண்ணில் படும். அதுபோல வேரில் நடக்கும் கோளாறும் சில வாரம் கழித்தே வெளியே எட்டிப் பார்க்கும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, முழுதாகப் புது நகம் வர 6 மாதம் ஆகும். கால் நகத்துக்கு அதில் பாதி வேகம்தான். பெருவிரல் நகம் முழுக்க மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். ஆகவே இன்று தெரியும் மாற்றம் பழைய சங்கதி. இன்று ஆரம்பிக்கிற மருந்தின் பலனும் அதே நிதானத்தில்தான் தெரியும்.

அடுத்து, எந்த நகத்தையும் பார்க்கும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி: ஒரு நகமா, எல்லா நகமுமா? உடம்புக்குள் இருக்கும் வியாதி ரத்தத்தின் வழியாக எல்லா விரலுக்கும் போகிறது, அதனால் பெரும்பாலும் பல நகங்களில், இரண்டு கையிலும் ஒரே மாதிரித் தெரியும். ஒரே ஒரு நகம் மட்டும் மாறியிருந்தால் அடி, பூஞ்சை, கட்டி என்று அந்த விரலிலேயே காரணத்தைத் தேட வேண்டும். வாட்ஸாப் படங்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அதனால்தான் அவை இவ்வளவு பயமுறுத்துகின்றன.

வீட்டிலேயே ஒழுங்காகப் பார்க்கலாம். நகப்பூச்சை எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், கையை மேசைமேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். அழுத்தி ஊன்றினால் நகம் வெளுத்து ஏமாற்றும். இருபது நகத்தையும் பாருங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்து போனில் படம் எடுத்து, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் திரும்ப எடுங்கள். மாற்றம் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா, அகலமாகிறதா என்று இந்தப் படங்கள் சொல்லிவிடும். மருத்துவருக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.

இனி அம்மாவின் நகங்கள். நீளவாக்கில் வேரிலிருந்து நுனி வரை ஓடும் மெல்லிய கோடுகள் வயதால் வருபவை. நாற்பது ஐம்பதுக்கு மேல் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அவற்றுக்குச் சோதனையும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம். கட்டைவிரல் நடுவில் மட்டும் ஏணிப்படி மாதிரிக் குறுக்குப் பள்ளங்கள் அடுக்கடுக்காக இருந்தால், பக்கத்து விரலால் நகத்தின் அடித்தோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கமாக இருக்கும். பழக்கம் நின்றால் பள்ளமும் போகும்.

வெள்ளைப் புள்ளியும் அப்படியே. 'கொக்கே கொக்கே பூப்போடு' என்று பிள்ளைகள் கேட்டு வாங்கும் அந்தப் பூக்கள், நகவேரில் எப்போதோ பட்ட சிறு இடியின் அடையாளம். கதவில் இடித்தது, களைக்கொத்து பட்டது, நகம் கடித்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பட்டது நினைவில்கூட இருக்காது. கால்சியம் குறைவு, துத்தநாகக் குறைவு என்று சொல்லி இதற்காக மாத்திரை விழுங்குவதில் பயனில்லை. வளர வளரப் புள்ளி முன்னால் போய் வெட்டுப்பட்டுவிடும்.

வேலையால் ஏறும் கறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் அது அதிகம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வேலை செய்கிறவர்கள், திருப்பூர் சாயப்பட்டறையில் சாயம் கலக்குகிறவர்கள், மருதாணி வைத்தவர்கள், புண்ணுக்குப் பர்மாங்கனேட் தண்ணீரில் காலை ஊறவைத்தவர்கள் என்று இவர்கள் நகமெல்லாம் நிறம் மாறித்தான் இருக்கும். வெளியிலிருந்து ஏறிய கறை நகத்தின் மேற்பரப்பில் இருப்பதால் பிளேடின் ஓரத்தால் லேசாகச் சுரண்டினால் கொஞ்சம் வந்துவிடும். நகம் வளரும்போது அடியில் சுத்தமான பகுதி தெரியும். கறையின் கீழ் விளிம்பு, நகத்தை மூடியிருக்கும் தோலின் வளைவையே பின்பற்றியிருக்கும். மருந்தாலோ வியாதியாலோ உள்ளிருந்து வந்த நிறமாற்றம் என்றால் அந்த விளிம்பு வெள்ளைப் பிறையின் வளைவை ஒத்திருக்கும். சின்ன அடையாளம்தான், ஆனால் நிறைய வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

குழிந்த நகத்துக்கு வருவோம். அம்மாவிடம் இருக்கும் ஐந்தில் ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டியது இதற்குத்தான். நகம் மெலிந்து, ஓரங்கள் தூக்கி, நடுவில் கரண்டி மாதிரிக் குழிந்தால் முதலில் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சோதனை எளிது: விரலைச் சமமாக வைத்து நகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண நகத்தில் வழிந்துவிடும், குழிந்த நகத்தில் நின்றுகொள்ளும். கைக்குழந்தைகளுக்கு, முக்கியமாகக் கால் நகத்தில், இந்தக் குழிவு இயல்பு; வளர்ந்தால் சரியாகும். சோப்பிலும் எண்ணெயிலும் ஊறி மெலிந்த நகமும் வேலை அழுத்தத்தில் குழியலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: நகம் குழியும் அளவுக்குப் போக இரும்புக் குறைவு நெடுநாள் இருக்க வேண்டும். நகம் நன்றாக இருக்கிறது என்பதால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேட்க வேண்டிய சோதனைகள் இரண்டு: முழு ரத்த அணுக்கணக்கு, ஃபெரிட்டின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. ஃபெரிட்டின் உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும். 15-க்குக் கீழே என்றால் குறைவு உறுதி; 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் எடுத்து 'நார்மல்' என்று வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள்.

குறைவு என்று வந்தால், நம் வீடுகளில் தவறு நடப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். கம்பும் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்ல உணவுதான். ஆனால் காலியான சேமிப்பை அவற்றால் மட்டும் நிரப்ப வெகுகாலம் ஆகும். மாத்திரை வேண்டும். 200 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் 60 மி.கி.க்குச் சற்று மேல் இரும்பு இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி தினம் ஒன்றோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, வெறும் வயிற்றில், எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். விடிகாலையில் மாடு கறந்ததும் டீயோடு மாத்திரையையும் முழுங்குகிறவருக்கு மாதக்கணக்கில் போட்டாலும் ஏறாமல் போவது இதனால்தான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு எரிந்தால் சாப்பிட்ட பிறகு போடலாம், கொஞ்சம் குறைவாகச் சேரும், அவ்வளவே. மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். சரியான அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். குழி நிமிர்வது அதன் பிறகுதான், வேரிலிருந்து மெல்ல மெல்ல.

இதைவிட முக்கியமான கேள்வி, இரும்பு எங்கே போகிறது என்பது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புக் குறைவு வந்தால் உடம்புக்குள் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேடியே ஆக வேண்டும். முட்டி வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கிச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தை இழக்கவைக்கும். மூலம் இருக்கலாம். இரைப்பை, பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே ரத்தசோகையாக இருப்பதும் உண்டு. வெறுங்காலில் தோட்டத்தில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். அதற்கு 400 மி.கி. அல்பெண்டசோல் மருத்துவர் கொடுப்பார். ஆனால் பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டு, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி என்ற பேச்சே எடுக்காமல் அனுப்பினால், 'ரத்தம் எங்கே போகிறதுங்க டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். 54 வயதில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவே கூடாது.

கட்டைவிரலில் இருக்கும் பழுப்புக் கோடு அடுத்தது. நிறம் அடர்ந்த தோல் உள்ள நம் ஜனங்களுக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். வயதாக ஆகக் கூடும். பெரும்பாலும் பல நகங்களில், மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். அது நிறமிதான், வியாதி இல்லை. சில மருந்துகள், பி12 குறைவு இவையும் பல நகங்களில் கருமை தரும். ஆனால் ஒரே ஒரு நகத்தில், பெரியவர்களுக்கு, புதிதாக வந்த கோட்டை அப்படி விட முடியாது. நகவேரில் தோன்றும் மெலனோமா என்ற புற்றுநோய் அரிதுதான்; ஆனால் வந்தால் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் தொடங்குகிறது, கட்டைவிரலும் கால் பெருவிரலும்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

எவை கவலை தரும் அடையாளங்கள்? கோடு 3 மி.மீ.க்கு மேல் அகலம்; நுனிப் பக்கத்தைவிட வேர்ப்பக்கம் அகலமாக இருப்பது, அதாவது வளர்ந்துகொண்டிருப்பது; ஒரே கோட்டுக்குள் பழுப்பும் கறுப்புமாகப் பல சாயல்; மங்கலான ஓரம்; நகம் அந்த இடத்தில் பிளப்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கருமை பரவியிருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் விரலை மரத்துப்போக வைத்து வேரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். கத்தி வைத்தால் பரவிவிடும் என்ற பயம் ஊரில் பலருக்கு இருக்கிறது. சோதனைக்குத் துணுக்கு எடுப்பதால் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் பரவுகிறது. சீக்கிரம் கண்டால் குணமாக்கக்கூடிய வியாதி இது. குழந்தைகளுக்கு வரும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் மச்சம்தான். அதையும் காட்டிவிட்டு, படம் எடுத்துக் கவனித்து வரலாம்.

அடிபட்டுக் கட்டிய ரத்தமும் கறுப்பாகத்தான் தெரியும். ரத்தக்கட்டு நகத்தோடு முன்னால் நகரும், அதற்குப் பின்னால் வேர்ப்பக்கம் தெளிவான நகம் முளைக்கும். கறையின் பின் விளிம்புக்கு நேராக நகத்தின்மேல் ஒரு சிறு கீறல் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதத்தில் கீறலும் கறையும் சேர்ந்து 3 மி.மீ. நகர்ந்திருந்தால் ரத்தக்கட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீறல் நகர்ந்து கறை அங்கேயே நின்றால் காட்டுங்கள். அம்மாவுக்கு இருப்பது ஒற்றை விரலில், அதுவும் கட்டைவிரலில் என்பதால், மெல்லியதாக இருந்தாலும் இந்த மாதமே ஒருமுறை காட்டிவிடச் சொல்வேன்.

அம்மாவிடம் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டியது, விரல் நுனி உருண்டு திரளும் மாற்றம். மருத்துவர்கள் கிளப்பிங் என்பார்கள். நகத்தால் உள்வியாதியைக் காட்டும் அடையாளங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வலிக்காது, மெல்ல மெல்ல வரும், ஆகவே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு கையிலும் ஒரே விரலை எடுத்து, நகமும் நகமும் முதுகோடு முதுகாகச் சேரும்படி வையுங்கள். நகங்களின் அடியில் சிறு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது மூடிப்போனால் சந்தேகம். லியோ ஷாம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர், தன் விரல்களிலேயே கண்டு 1976-இல் எழுதிய சோதனை இது.

காரணங்களில் முதலிடம் நுரையீரலுக்கு: புற்றுநோய், சீழ்க்கட்டு, நுரையீரல் தழும்பாகிச் சுருங்கும் வியாதி, பழைய காசநோய்க்குப் பிறகு மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் நிலை. பெருந்துறையைக் காசநோய் சானடோரியம் என்றே அறிந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வைத்தியம் எடுத்தவர்களின் விரல்களை ஒருமுறை பாருங்கள். பிறவியிலேயே உடம்பு நீலம் பாயும் இதயக் கோளாறு, இதய வால்வில் கிருமி, ஈரல் சுருக்கம், நாள்பட்ட குடல் அழற்சி இவையும் காரணமாகலாம். சில குடும்பங்களில் பரம்பரையாக வந்து ஒன்றும் செய்யாமலும் இருக்கும். பீடி, சிகரெட்டால் வரும் நாள்பட்ட மூச்சிரைப்பு மட்டும் இருந்தால் விரல் உருளாது. அப்படிப்பட்டவருக்குப் புதிதாக உருண்டால் நுரையீரல் புற்றுநோயைத் தேட வேண்டும். பல வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியில் நின்றவர்களும் 'எல்லாம் அந்தத் தூசிதான்' என்று விட்டுவிடாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு எல்லா நகத்திலும் ஒரே மட்டத்தில் குறுக்கே பள்ளம் விழுவதும் நம்பத்தக்க அடையாளம். டெங்கு, நிமோனியா, பெரிய அறுவை, கீமோதெரபி என்று உடம்பு தத்தளித்த நாட்களில் வேர் வேலையை நிறுத்திவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் போ (Beau) 1846-இல் எழுதியதால் 'போ கோடு' என்று அவர் பெயரால் சொல்கிறோம். அடித்தோலிலிருந்து பள்ளம் 6 மி.மீ. தள்ளியிருந்தால் இரண்டு மாதம், அத்தோடு தோலுக்கு அடியிலிருந்து வெளிவர எடுத்த சில வாரம் சேர்த்துக் கணக்குப் போட்டால் எப்போது நடந்தது என்று தெரியும். வைத்தியம் வேண்டாம், வளர்ந்து போய்விடும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் அப்படியே கழன்று விழும். தாய்மார் மிகவும் பயப்படுவார்கள், புது நகம் தானாக முளைத்துவிடும்.

வாட்ஸாப் படத்தில் அதிகம் இருப்பது நிறத்தை வைத்துச் சொல்லும் கதைகள். அவற்றில் உண்மை உண்டு, ஆனால் பிடிமானம் குறைவு. நகம் முழுக்க வெளுத்து நுனியில் மட்டும் மெல்லிய சிவப்புப் பட்டை நிற்பது ஈரல் சுருக்கத்தில் வரும். இதயம் பலவீனமானவர்களிடமும், சர்க்கரை உள்ளவர்களிடமும், வெறும் வயதானவர்களிடமும் வரும். பாதி வெள்ளை, பாதி பழுப்பு நகம் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலரிடம் இருக்கிறது; சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடமும் சில நேரம் இருக்கிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். நகம் அதற்குப் பதிலாகாது. அழுத்தினால் மறையும் இரட்டை வெள்ளைப் பட்டைகள் ரத்தத்தில் அல்புமின் மிகவும் குறைந்ததைக் காட்டும், நகத்தோடு நகராது. பிறை சிறிதாக இருக்கிறது, சுண்டுவிரலில் பிறையே இல்லை என்பதை வைத்துச் சொல்லும் எதையும் நான் பொருட்படுத்த மாட்டேன். நகத்தடியில் சிராய் குத்தினது போன்ற சிவப்புக் கோடுகளும் பெரும்பாலும் வேலையில் படும் அடிதான். விடாத காய்ச்சலோடு பல விரல்களில் புதிதாக வந்தால் மட்டும் இதய வால்வைச் சந்தேகிக்க வேண்டும். திடீரென்று நகமும் உதடும் சேர்ந்து நீலம் பாய்ந்து மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் சிறு குழிகள், எண்ணெய் சொட்டினாற்போல் மஞ்சள் கறை, நுனியிலிருந்து நகம் சதையை விட்டுத் தூக்குவது இவை சேர்ந்து இருந்தால் சொரியாசிஸ். தலையில் செதில், முழங்கையில் தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி வலித்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வகை மூட்டுவாதத்தைத் தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அம்மாவைப் போல நாள் முழுக்கத் தண்ணீரிலும் சாணத்திலும் கை வைக்கிறவர்களுக்கு வரக்கூடியது நகச்சுத்தி. இரண்டு வகை உண்டு. இரண்டு மூன்று நாளில் சிவந்து, துடித்து, சீழ் வைப்பது ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவது ஆரம்பத்தில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கட்டிய சீழை அது வெளியே கொண்டுவராது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவதை விட்டுவிடுங்கள், சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். சீழ் தெரிந்தால் மருத்துவர் சிறு கீறலில் எடுத்துவிடுவார். சர்க்கரை இருந்தாலோ, சிவப்புக் கோடு கையில் மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். மற்றது, மாதக்கணக்கில் நகத்தடித் தோல் உப்பி, நகத்தை மூடும் மெல்லிய தோல் தேய்ந்துபோய் நிற்கும் வகை. அதற்கு முதல் வைத்தியம் ஈரத்திலிருந்து விடுதலை: உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ. அந்தத் தோலை வெட்டவோ தள்ளவோ கூடாது; உள்ளே ஈரம் புகாமல் காப்பது அதுதான்.

கால் பெருவிரல் நகத்துக்குப் பூஞ்சை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். தடித்துக் கோணலான நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சை. மற்றவை அடி, செருப்பு உராய்வு, சொரியாசிஸ், வயது. நகத்தடித் துகளைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை செய்தால் தெரியும். பூஞ்சைதான் என்றால் டெர்பினஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். தொடங்கும் முன் ஈரல் சோதனை எடுப்பது நல்லது. 12 வாரம் முடியும்போதும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும், நல்ல நகம் அடியிலிருந்து வளர்ந்து வர வருஷம் ஆகும். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த படைக்கிரீம்களைத் தயவுசெய்து தடவாதீர்கள். நகத்துக்குள் அவை போவதில்லை. சுற்றியுள்ள தோலில் பூஞ்சையை அமுக்கிப் பரப்பி, பிறகு எந்த மருந்துக்கும் படியாத படையாக்கிவிடும்.

நகம் அடுக்கடுக்காக உரிவதற்கும் அடிக்கடி நனைந்து காய்வதுதான் பெரும்பாலும் காரணம். தைராய்டும் இரும்பும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நகத்துக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைக்கு ஆதாரம் குறைவு. தவிர, அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்பு ரத்தச் சோதனைகளைத் தவறாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. போடுகிறவர்கள் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

ஆகவே முழு உடல் பேக்கேஜ் வேண்டாம். அதில் அறுபது எழுபது பெயர் இருக்கும், ஃபெரிட்டின் இருக்கிறதா என்று நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் கோட்டுக்கு அதில் பதிலே கிடையாது. அணுக்கணக்கும் ஃபெரிட்டினும் எடுங்கள், வயதுக்குச் சர்க்கரையும் தைராய்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கம் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோவை, திருப்பூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. காட்டும் வரை அம்மா மருதாணி வைக்க வேண்டாம். கால் நகத்தில் மருந்து எதுவும் தடவ வேண்டாம், சுரண்டி எடுக்கத் துகள் வேண்டும் என்பதால் ஒட்ட வெட்டவும் வேண்டாம். முட்டி வலிக்குப் போடுவது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.